கசப்பை வடித்துக் கொட்டிய பிறகு வரும் தூக்கம்

பாங்காக்கில் இருக்கிறேன் என்று தெரிந்தால் போதும், ஊரிலிருந்து ஒரு பட்டியல் வந்துவிடும். முன்பெல்லாம் அதில் தலைவலித் தைலமும், மூக்கில் வைத்து உறிஞ்சும் யாதோம் குழாயும்தான் இருக்கும். இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. "அங்க தூக்கத்துக்கு மூலிகை கேப்சூல் கிடைக்குதாமே, பக்கவிளைவே கிடையாதாமே, நாலு டப்பா வாங்கிட்டு வாயேன்" என்கிறார்கள்.

கேட்பவர்களின் சிரமம் எனக்குப் புரியாமல் இல்லை. இரண்டு மணிக்கு விழித்து, கூரையைப் பார்த்துக்கொண்டு, நாளைய வேலையை நினைத்து நினைத்தே மிச்சத் தூக்கத்தையும் தொலைக்கிற ராத்திரிகளை நானும் கடந்திருக்கிறேன். அப்படிப்பட்டவர்களுக்கு நாலு வரியில் பதில் எழுதி முடிக்க மனம் வரவில்லை. "பக்கவிளைவே கிடையாது" என்கிற அந்த வார்த்தைதான் என்னை இவ்வளவு நீளமாக எழுத வைக்கிறது. தாய்லாந்தின் தூக்க மருந்துகளுக்குள் ஒரு கதை இருக்கிறது. அது தெரியாமல் யாரும் அந்த டப்பாவைத் திறக்கக்கூடாது.

கதையின் நாயகன் ஒரு சாதாரண மரம். இங்கே கீலெக் என்கிறார்கள். தாவரவியல் பெயர் சென்னா சியாமியா. சியாம் நாட்டின் பெயரையே சுமந்திருக்கிறது. நம் ஊர்ச் சாலையோரங்களிலும் நிற்கிற மரம்தான், மஞ்சள் கொன்றை என்போம். கொத்துக் கொத்தாக மஞ்சள் பூ, இருபக்கமும் வரிசையாகச் சிற்றிலைகள். தமிழ்நாட்டில் இதை நிழலுக்கும் விறகுக்கும் வளர்த்தோம். தாய்லாந்துக்காரர்கள் இதன் கொழுந்தையும் பூமொட்டையும் குழம்பாக்கிச் சாப்பிடுகிறார்கள்.

எங்கள் தெருமுனையில் காலை ஆறு மணிக்கே குழம்புப் பாத்திரங்களை வரிசையாக வைத்துவிடும் ஒரு பெரியம்மா இருக்கிறார். இங்கே அப்படிப்பட்டவர்களை 'பா' என்றுதான் கூப்பிட வேண்டும். அவர் என்னை 'லூக்' என்பார், நாம் பிள்ளை என்கிற மாதிரி. அவர் கடையில் கேங் கீலெக், அதாவது கீலெக் குழம்பு, எல்லா நாளும் கிடைக்காது. கிடைக்கிற நாளில் ஒன்பது மணிக்குள் தீர்ந்துவிடும். கரும்பச்சையாக, தேங்காய்ப்பால் திரண்டு, பார்க்க அவ்வளவு அழகாக இருக்காது. வாயில் வைத்தால் முதலில் காரம், பிறகு தேங்காய்ப்பாலின் இனிப்பு, எல்லாம் இறங்கிய பின் நாக்கின் அடியில் மெல்லிய ஒரு கசப்பு. பாகற்காயை விரும்பிச் சாப்பிடும் வீட்டில் பிறந்தவர்களுக்கு முதல் கவளத்திலேயே பிடித்துப்போகும்.

ஒருநாள் கேட்டேன். "பா, இது தூக்கத்துக்கு நல்லதாமே?"

"நல்லதுதான் லூக். ராத்திரி சாப்பிட்டா நல்லாத் தூங்கலாம், காலையில வயிறும் சரியாப் போகும். ஆனா இலையை வேகவைக்கத் தெரியணும். முதல் தண்ணி இருக்கே, அதை அப்படியே சாக்கடையில கொட்டணும். ரெண்டாவதையும் கொட்டணும். கசப்பு எனக்குப் பிடிக்கும்னு யாராவது சொன்னாக்கூட நான் கொட்டாம சமைக்க மாட்டேன்."

கொழுந்தை நிறைய தண்ணீரில் போட்டு நன்றாகக் கொதிக்கவிட்டு வடிப்பது, மறுபடி புதுத் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு வடிப்பது, இலை முற்றலாக இருந்தால் மூன்றாவது தடவையும். பிறகு கையால் இறுகப் பிழிய வேண்டும். இந்த வேலைக்கு நேரமில்லாதவர்களுக்காகச் சந்தைகளில் வேகவைத்துப் பிழிந்த கீலெக்கை உருண்டை உருண்டையாக விற்கிறார்கள். அதன் பிறகுதான் குழம்பு. மத்திய தாய்லாந்தில் மிளகாய் விழுதும் தேங்காய்ப்பாலும், கூடவே சுட்ட மீனோ பன்றி இறைச்சியோ. வடகிழக்கில், ஈசான் பக்கம், தேங்காய்ப்பால் கிடையாது. யாநாங் என்ற கொடியின் இலையைக் கசக்கிப் பிழிந்த பச்சைச் சாறும், பிளா ரா என்கிற புளிக்கவைத்த மீனும் சேரும். சமையல் ஊருக்கு ஊர் மாறும். தண்ணீரை வடிப்பது மட்டும் எங்கேயும் மாறாது.

ஏன் என்பதற்கு வேதியியலில் விடை இருக்கிறது. இந்தக் கொழுந்தில் பராகோல் என்ற ஒரு பொருள் உண்டு. பதற்றத்தைத் தணித்து மயக்கம் கொடுப்பது அதுதான் என்று விலங்குகளில் நடந்த சோதனைகள் காட்டின. கீலெக் நரம்பைத் தளர்த்தும் என்பதை பாங்காக்கின் சிரிராஜ் மருத்துவமனை ஆய்வாளர்கள் 1940களிலேயே எழுதியிருக்கிறார்கள். ஆக, கிராமத்துப் பாட்டிகள் சொன்னது கற்பனை இல்லை. ஆனால் அதே பராகோல் அதிகமாகவும் தொடர்ச்சியாகவும் உள்ளே போனால் கல்லீரலைத் தாக்கும். கொதிக்கவைத்து வடிக்கும்போது அதில் பெரும்பகுதி போய்விடுகிறது. குழம்பில் மிச்சமிருப்பது கொஞ்சம்தான். அதையும் யாரும் தினமும் சாப்பிடுவதில்லை.

இனிதான் அந்தக் கதை. 1990களின் இறுதி. 1997 பொருளாதார நெருக்கடியில் அடிபட்ட நாடு, இறக்குமதி மருந்துகளைக் குறைத்து உள்நாட்டு மூலிகைகளைக் கையில் எடுக்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்த நேரம். நல்ல நோக்கம்தான், சந்தேகமில்லை. கீலெக்கின் இளம் இலையை உலர்த்திப் பொடித்து மாத்திரையாக்கி, தூக்கம் வராதவர்களுக்கும் பதற்றம் உள்ளவர்களுக்கும் கொடுத்தார்கள். வேகவைக்கவில்லை, வடிக்கவில்லை. குழம்பில் எப்போதாவது ஒருநாள் சாப்பிட்ட இலை, பச்சைப்பொடியாக, தினசரி மாத்திரையாக மாறியது. கொஞ்ச காலத்திலேயே கண் மஞ்சளாகி, கல்லீரல் வீங்கி, ஆட்கள் மருத்துவமனைக்கு வர ஆரம்பித்தார்கள். எல்லோரிடமும் பொதுவாக இருந்தது அந்த மாத்திரை. அதை நிறுத்தியதும் தேறினார்கள். இந்த நோயாளிகளைப் பற்றிய கட்டுரை 2003-ல் தாய்லாந்து மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்தது. பச்சை இலைப்பொடியாகக் கீலெக்கைப் பயன்படுத்தக்கூடாது என்று அரசும் எச்சரித்தது.

இதை நான் எப்போது நினைத்தாலும் மனம் கனத்துப்போகிறது. அந்த மாத்திரையைச் சாப்பிட்டவர்கள் தப்பான எதையும் செய்யவில்லை. தங்கள் பாட்டி சமைத்த இலை, தங்கள் மண்ணின் மரம், இதில் என்ன கெடுதல் வரப்போகிறது என்று நம்பினார்கள். செடியை எடுத்துக்கொண்டு செய்முறையை விட்டுவிட்டார்கள் தயாரித்தவர்கள். என்னைக் கேட்டால் பாரம்பரிய மருத்துவத்தில் செடி பாதி, செய்முறை பாதி. தெருமுனைப் பாவுக்குப் பராகோல் என்ற பெயர் தெரியாது. ஆனால் எதைக் கொட்ட வேண்டும் என்பது தெரியும்.

சித்த மருத்துவம் அறிந்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது. சுக்கின் மேல்தோலைச் சீவி எறியாமல், கடுக்காயின் கொட்டையை நீக்காமல் நம் வீட்டிலேயே யாரும் மருந்து இடிக்க மாட்டார்கள். நாம் சுத்தி செய்வது என்கிறோமே, அதற்கு இணையாகத் தாய் மருத்துவத்தில் சத்து, பிரசா, கா ரித் என்று தனித்தனி முறைகளே உண்டு. சிலவற்றை வறுப்பார்கள், சிலவற்றை அரிசி கழுவிய தண்ணீரில் ஊறவைப்பார்கள், சிலவற்றின் வீரியத்தை வேறொரு சரக்கால் அடக்குவார்கள். தூக்கத்துக்காக இங்கே பயன்படுத்திய இன்னொரு வேர் சர்ப்பகந்தா. நமக்கும் பழக்கமானதுதான், 1952-ல் ரெசர்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தது இந்த வேரிலிருந்துதான். இரத்த அழுத்தத்தைக் கீழே இறக்கும், மனச்சோர்வைக் கொண்டுவரும் என்பதால் நவீன மருத்துவமே அதைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டது. வேர்தானே என்று அதைக் கஷாயம் வைத்துக் குடிக்கும் பொருளாக யாரும் நினைக்க வேண்டாம்.

மருந்துக்கடைகளில் இப்போது அதிகம் பேசப்படும் பெயர் சுக் சைய்யாத். அயுத்தயாவை 1656 முதல் 1688 வரை ஆண்ட நாராய் மன்னரின் அரண்மனை மருத்துவக் குறிப்புகளில் இருக்கும் சூரணம் இது. அந்தக் குறிப்புகளில் சீன மருத்துவர், ஐரோப்பிய மருத்துவர், இந்தியப் பிராமண மருத்துவர் என்று பல தேசத்தாரின் கைப்பக்குவமும் பதிவாகியிருக்கிறது. நூல் 1917-ல் அச்சேறியது. சுக் சைய்யாத்தில் பன்னிரண்டு சரக்குகள். அளவு சொல்லியிருக்கும் விதம் அபாரமானது. முதல் சரக்கு 1 பங்கு, இரண்டாவது 2, மூன்றாவது 3, இப்படியே ஏறிக்கொண்டு போய்க் கடைசிச் சரக்கு 12 பங்கு. கற்பூரம் ஒன்று, வேப்பிலை இரண்டு என்று தொடங்கும். நடுவில் கருஞ்சீரகம் 5, கோஷ்டம் 6, சாதிக்காய் 7, சிறுநாகப்பூ 8. அதன்மேல் மிளகு 9, சுக்கு 10, திப்பிலி 11. உச்சியில் 12 பங்கு கஞ்சா இலை. எழுத்தறியாத உதவியாளன்கூட மனப்பாடம் செய்து நிறுத்துவிடலாம்.

இந்தச் சூரணத்தைப் பற்றி வரும் செய்திகள் எல்லாம் கஞ்சாவையே பேசுகின்றன. 2018 டிசம்பரில் தாய்லாந்து நாடாளுமன்றம் மருத்துவக் கஞ்சாவுக்கு அனுமதி கொடுத்தது, 2019 பிப்ரவரியில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அரசு மருத்துவமனைகளின் பாரம்பரிய மருத்துவப் பிரிவில் இந்தச் சூரணத்தை எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். நான் மேலே உள்ள பங்குகளைக் கூட்டிப் பார்த்தேன். மொத்தம் 78. அதில் கஞ்சா இலை 12, ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. மிளகும் சுக்கும் திப்பிலியும் சேர்ந்து 30. நம் திரிகடுகம் இங்கேயும் த்ரீகடுக் என்ற பெயரிலேயே இருக்கிறது. இந்தச் சூரணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அதுதான். ஆகவே இதை மயக்க மருந்தாகப் பார்ப்பது சரியில்லை என்பது என் கருத்து. பழைய நூலில் இதைத் தேனில் குழைத்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறது. உண்ணவும் முடியும், உறங்கவும் முடியும் என்று இரண்டையும் சேர்த்தே பலன் சொல்கிறது. தாய் மருத்துவம் உடலை மண், நீர், காற்று, நெருப்பு என்று நான்காகப் பார்க்கிறது. வயிற்றில் கிளம்பும் காற்று மேலேறித் தலையில் நிற்பதால் படபடப்பும் தூக்கமின்மையும் வருகின்றன என்பது அவர்கள் கணக்கு. அந்தக் காற்றைக் கீழே இறக்கத்தான் அவ்வளவு காரம்.

காரத்துக்கும் ஒரு விலை உண்டு. மிளகும் திப்பிலியும் இவ்வளவு இருப்பதால், ஃபெனிடோயின், புரொப்ரனலால், தியோஃபிலின், ரிஃபாம்பிசின் ஆகிய மருந்துகள் எடுத்துக்கொள்பவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று தாய்லாந்தின் மருத்துவக் குறிப்பிலேயே இருக்கிறது. வலிப்பு, இரத்த அழுத்தம், ஆஸ்துமா, காசநோய் என்று நம் வீடுகளில் சர்வசாதாரணமாக இருக்கும் நோய்களுக்கான மருந்துகள் இவை. கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மார்களும், பதினெட்டு வயது நிரம்பாதவர்களும் தொடவே கூடாது. மதுவோடும், வேறு தூக்க மாத்திரைகளோடும் சேர்க்கக் கூடாது. சாப்பிட்டுவிட்டு வண்டி ஓட்டக் கூடாது. "பக்கவிளைவே கிடையாது" என்று என்னிடம் சொன்னவர்கள் யாரும் இந்த வரிகளைப் படித்திருக்க மாட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2022 ஜூன் 9-ல் போதைப்பொருள் பட்டியலிலிருந்து கஞ்சாவை எடுத்தபோது பாங்காக் முழுக்கப் பச்சைப் பலகைக் கடைகள் முளைத்தன. 2025 ஜூனில் சட்டத்தை மறுபடி இறுக்கி, கஞ்சாப் பூ வாங்க மருத்துவச் சீட்டு வேண்டும் என்றார்கள். இங்கே சட்டம் எப்படி இருந்தாலும், கஞ்சா சேர்ந்த எதையும் இந்தியாவுக்கோ சிங்கப்பூருக்கோ மலேசியாவுக்கோ கொண்டுபோவது கடுங்குற்றம். நண்பருக்கு மருந்துதானே என்று பெட்டியில் வைத்தால் விமான நிலையத்தில் வாழ்க்கையே திசைமாறிவிடும். என்னிடம் கேட்காதீர்கள், கேட்டால் மறுப்பேன்.

எனக்கு மனதுக்கு நெருக்கமானவை யாஹோம் என்கிற வாசனைச் சூரணங்கள். கசப்பும் காரமும் நிறைந்த இந்த மருத்துவத்தில் நறுமணத்தையே ஒரு சுவையாக வைத்திருக்கிறார்கள். நமக்கு அறுசுவை, இவர்களுக்கு ஒன்பது, அதில் ஒன்று 'குளிர்ந்த நறுமணம்'. அது இதயத்தைத் தேற்றும் என்பார்கள். மல்லிகை, மகிழம்பூ, சிறுநாகப்பூ, சாரபி, தாமரைக் கேசரம் ஆகிய ஐந்தும் இந்த மருந்துகளின் பூக்கூட்டம். இதில் தேப்பசித் என்ற வகையில் மல்லிகைதான் பெரும்பங்கு. நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அதற்கு இடம் கொடுத்திருக்கிறார்கள், தலைசுற்றல், நெஞ்சுப் படபடப்பு போன்றவற்றுக்காக. தூக்க மருந்து என்று யாரும் இதை விற்பதில்லை. ஆனால் மனம் அடங்காமல் புரளும் வயதானவர்கள் ஒரு சிட்டிகையை வெந்நீரில் கலக்கி, ஆற்றி, மணத்தை முகர்ந்துகொண்டே மெதுவாகக் குடிப்பதைப் பார்த்திருக்கிறேன். மருந்தை எதில் கலந்து கொடுக்க வேண்டும் என்பதற்கு நம் அனுபானம் மாதிரியே இங்கேயும் கணக்கு இருக்கிறது.

பாங்காக் சக்கரவாத் பகுதியில் 1896 முதல் இருந்துவரும் ஜாவ் குரோம் பே என்ற பழைய மருந்துக்கடைக்குப் போனால் இந்தச் சரக்குகள் எல்லாவற்றையும் மரப்பெட்டிகளில் பார்க்கலாம். நான் அங்கே போவது வாங்குவதற்குக்கூட அல்ல. சுக்கு, சாதிக்காய், தாமரைக் கேசரம் எல்லாம் கலந்த அந்த மணத்துக்காக. எங்கள் ஊர் நாட்டு மருந்துக்கடையில் கண்ணைக் கட்டி விட்ட மாதிரி இருக்கும். பிராசின்புரியில் உள்ள அபைபூபேத் மருத்துவமனையும் பார்க்க வேண்டிய இடம். 1909-ல் கட்டிய அழகான பழைய மாளிகையில் மூலிகை மருத்துவ அருங்காட்சியகம் இருக்கிறது. நவீன மருத்துவர்களும் பாரம்பரிய மருத்துவர்களும் ஒரே வளாகத்தில் வேலை செய்கிறார்கள். நம் ஊரில் இரு தரப்பும் இப்படி உட்கார்ந்து பேச வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

மசாஜும் ஒத்தடமும் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் சுருக்கமாகச் சொல்கிறேன். பிலாய் என்ற இஞ்சி வகை, மஞ்சள், எலுமிச்சைப்புல், புளியிலை, சீகை இலை, உப்பு, கற்பூரம் எல்லாவற்றையும் துணியில் கட்டி ஆவியில் சூடாக்கி ஒத்தடம் கொடுப்பார்கள். மூன்றாம் ராமா மன்னர் காலத்தில் வாட் போ கோயில் சுவர்களில் மருத்துவக் கல்வெட்டுகளையும் மசாஜுக்கான நாடிப் படங்களையும் பதித்து, படிக்கத் தெரிந்த எவரும் கற்றுக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டார்கள். அந்த நாடிகளின் பெயர்கள் இத்தா, பிங்கலா, சுமனா என்று தொடங்குகின்றன. இடை, பிங்கலை, சுழுமுனை அறிந்தவர்கள் அந்தச் சுவர் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிடுவார்கள். தூக்கத்துக்காக உள்ளே எதையும் விழுங்கப் பயப்படுபவர்களுக்கு இந்த மசாஜும் ஒத்தடமும்தான் என் முதல் பரிந்துரை.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு தெருவோர மஞ்சள் கொன்றையில் கொழுந்து கிள்ளப் போகாதீர்கள். முதுமலைப் பக்கம் காட்டை அடைத்து வளர்ந்து, வனத்துறை வெட்டி அகற்றிவரும் சென்னா ஸ்பெக்டாபிலிஸ் என்ற வேறொரு மரத்தையும் நம்மவர்கள் மஞ்சள் கொன்றை என்றே சொல்கிறார்கள். பூவும் இலையும் பார்வைக்கு ஏமாற்றும். தலைமுறை தலைமுறையாக அந்த இலையை வேகவைத்த கைகள் இல்லாத இடத்தில் அது உணவு இல்லை.

வாரத்தில் மூன்று இரவாவது, மூன்று மாதமாகத் தூக்கம் வரவில்லை என்றால் அது மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம். உரக்கக் குறட்டைவிட்டு, நடுவில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழுபவர்களுக்கு மயக்கம் தரும் மூலிகை எதுவுமே நல்லதில்லை. மாத்திரை இல்லாமல், படுக்கும் பழக்கத்தையும் எண்ணத்தையும் மாற்றிச் சரிசெய்யும் நடத்தைச் சிகிச்சையைத்தான் மருத்துவ உலகம் நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் பரிந்துரைக்கிறது. அது நம் பெருநகரங்களில் கிடைக்கிறது. கீலெக் என்ற பெயர் அச்சிட்ட மாத்திரையையோ கேப்சூலையோ கண்டால் யாராக இருந்தாலும் விலகிப் போய்விடுங்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் தினமும் மது அருந்துபவர்களும் கட்டாயமாக.

ஆகவே நண்பர்களே, கேப்சூல் டப்பா கேட்காதீர்கள். நேரில் வாருங்கள். நவம்பரில், பன்னிரண்டாம் மாதப் பௌர்ணமியையொட்டி வந்தால் இன்னும் நல்லது. அந்த நாளில் விடியுமுன் பறித்த கீலெக் கொழுந்துக்கு மருந்துக் குணம் அதிகம் என்று சமைக்கும் வழக்கம் மத்திய தாய்லாந்தில் உண்டு, பூமொட்டும் அப்போது கிடைக்கும். ஒன்பது மணிக்குள் வந்துவிட்டால் எங்கள் தெருமுனையில் ஒரு பொட்டலம் வாங்கித் தருகிறேன்.